கடாரத்தைத் தாக்கப் போகலாமா?

பாரோயிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகன் படிவம் நான்கு. பள்ளி முடிந்து வந்தால் மடிக்கணினியில் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ விளையாட்டு. அதுவரை பரவாயில்லை என்று விட்டுவிட்டாராம். இப்போது அதற்குக் கூடுதல் தொகுப்பு ஒன்று வேண்டும் என்று நிற்கிறான். “இதுல நம்ம ஆளுங்க தமிழ் பேசுறாங்கம்மா, ராஜேந்திர சோழன் வராரு” என்று சொல்லிக் காசு கேட்கிறான். ‘தமிழ் என்று சொன்னால் அம்மா மறுக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். உண்மையிலேயே பிள்ளைக்கு வாங்கித் தரக்கூடியதா, இல்லை தமிழைச் சொல்லிக் காசு பிடுங்கும் வேலையா? நீங்கள் ஆடிப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்கிறார்.

ஆடிப் பார்த்தேன். மூன்று வாரம், இரவு பத்து மணிக்கு மேல். வீட்டில் கேட்டதற்குப் பத்திரிகை வேலை என்றேன். பொய் இல்லையே.

இந்த விளையாட்டைப் பற்றித் தெரியாத பெற்றோருக்கு முதலில் இரண்டு வரி. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ புதியது அல்ல, 1999-இல் வந்தது. சிரம்பான் பேருந்து நிலையப் பக்கத்துச் சைபர் கஃபேக்களில் சனிக்கிழமைகளைக் கழித்தவர்கள் இன்று பிள்ளை பெற்று அந்தப் பிள்ளைகளோடு ஆடுகிறார்கள். ஒரு ஊர் மண்டபம், மூன்று கிராமத்து ஆட்கள், ஒரு குதிரைக்காரன். இதை வைத்துக்கொண்டு மரம் வெட்டி, வயல் போட்டு, தங்கமும் கல்லும் தோண்டி, படை கட்டி, எதிரியை அடிக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் சதுரங்கத்தைப் போல, அவ்வளவுதான் என்று சொல்லி முடித்துவிட முடியாத ஒன்று. 2019 நவம்பரில் புதிய படங்களோடு மறுபதிப்பு வந்தது. பையன் கேட்கும் தொகுப்பு அந்த மறுபதிப்பின் மேல் ஏற்றுவது. பெயர் ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’. 2022 ஏப்ரல் 28-இல் வெளியானது. (சரியாக ஓராண்டு கழித்து, அதே ஏப்ரல் 28-இல் ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகம் திரைக்கு வந்தது. சோழர்களுக்கு அந்தத் தேதியில் ஏதோ ராசி.)

இந்தத் தொகுப்புக்கு முன்னால் நம் நிலைமை என்ன என்று சொன்னால்தான் பையனின் உற்சாகம் புரியும். 2013-இல் வந்த ஒரு விரிவாக்கத்தில் ‘இந்தியர்கள்’ என்று ஒரே ஓர் இனத்தைச் சேர்த்திருந்தார்கள். அவர்கள் இந்தி பேசினார்கள். அவர்களுடைய பெரிய பலம் ஒட்டகப் படை. பகாவ் பக்கத்துச் செம்மண்ணில் வளர்ந்த நான் ஒட்டகத்தை முதன்முதலில் பார்த்தது உயிரியல் பூங்காவில். ஒன்பது ஆண்டுகள் தமிழ்ப் பிள்ளைகள் அந்த ஒட்டகத்தின் மேல்தான் ஏறிப் போனார்கள். 2022-இல் அந்த ஒரே ‘இந்தியர்’ நாலாகப் பிரிந்தார்: இந்துஸ்தானியர், கூர்ஜரர், வங்காளியர், திராவிடர். இந்தத் திராவிடர்தான் தமிழ் பேசுகிறார்கள்.

திராவிடர் என்ற பெயரே முதல் வினோதம். தமிழ்நாட்டு அரசியலில் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள், நம் ஊர்ப் பழைய சீர்திருத்தச் சங்கங்களில் ஒரு பொருள், இங்கே வேறொன்று. சோழர், பாண்டியர், சேரர் மட்டும் அல்ல. காகத்தியர், ஹொய்சாளர், விஜயநகரத்தார் எல்லாரும் ஒரே கொட்டகைக்குள். தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசியவர்கள் எல்லாரும் இதில் தமிழில்தான் பதில் சொல்வார்கள். எங்கள் தோட்டத்தில் தெலுங்கு பேசிய குடும்பங்கள் தனியாக ஒரு லயத்தில் இருந்தன. அவர்கள் இதைப் பார்த்தால் சும்மா இருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். இந்த விளையாட்டில் வழக்கமாக ஜெயிக்கும் வழி கவசக் குதிரை வீரர்கள்தான். திராவிடருக்கு அது கிடையாது. ஒற்றன் வேலைக்கு இலேசான குதிரை உண்டு, அப்புறம் யானை. பழகிய ஆட்டக்காரன் லாயத்தைத் திறந்து பார்த்துவிட்டு “என்னா இது, கடையில சாமானே இல்ல” என்பான். என் அக்கா மகன் அப்படித்தான் சொன்னான். ஆனால் செய்தவர்கள் ஏதோ கோபத்தில் குதிரையைப் பிடுங்கவில்லை. தென்னாட்டில் நல்ல குதிரை வளர்வது கடினம். பாண்டிய மன்னர்கள் அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வாங்கினார்கள் என்றும், வாங்கியவற்றில் பெரும்பாலானவை பராமரிக்கத் தெரியாமல் செத்தன என்றும் மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். ஆக, காலி லாயம்தான் உண்மைக்குப் பக்கம்.

குதிரைக்குப் பதிலாகக் கொடுத்திருப்பவை வேறு. சுருள்வாள் வீரன் ஒருவன் இருக்கிறான். உருமி என்று பெயர். முதல் வீச்சில் சுற்றி நிற்பவர்கள் எல்லார் மேலும் படும். பிறகு அடுத்த பெரிய வீச்சுக்குச் சற்று நேரம் பிடிக்கும். சிலம்ப வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் இதைப் பார்த்ததும் கையைச் சுழற்றத் தொடங்கிவிடுவார்கள். வீட்டில் துணி காயப்போடும் கம்பியை எடுத்து மறைத்து வையுங்கள். ‘ஊட்ஸ்’ என்ற எஃகு நுட்பம் இருக்கிறது. நம்முடைய உருக்கு, கன்னடத்து உக்கு என்ற சொற்களிலிருந்து ஐரோப்பியர் வாயில் திரிந்த சொல் அது. அதை ஆய்வு செய்துவிட்டால் நம் காலாட்படையின் வெட்டு எதிரியின் கவசத்தைக் கணக்கில் எடுக்காது. போர்க்கப்பல் ஒன்றுக்குத் திரிசடை என்று பெயர். நமக்குத் திரிசடை என்றால் அசோகவனத்தில் சீதைக்குத் துணையாக இருந்தவள்தான் நினைவுக்கு வருவாள். அவள் இங்கே அம்பு எய்துகொண்டு கடலில் போவதைப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஒவ்வொரு யுகம் மாறும்போதும் 200 கட்டை மரம் இலவசமாகக் கிடைக்கிறது. சின்னச் சலுகை மாதிரி தெரியும். துறைமுகத்தை முன்கூட்டியே கட்டிவிட அது போதும். கடல் இருக்கும் வரைபடங்களில் பலன் தெரியும். நிலம் மட்டும் இருக்கும் வரைபடங்களில் குதிரைப் படையோடு வரும் ஆளைச் சமாளிப்பது கஷ்டம். பையன் இணையத்தில் மற்றவர்களோடு மோதி ஜெயிக்க வேண்டும் என்பதற்காக இதை வாங்கினால் முதல் மாதம் நிறையத் தோற்பான். அதைச் சொல்லிவிட்டு வாங்கிக் கொடுங்கள்.

இனி ராஜேந்திரன். இந்தத் தொகுப்பில் மூன்று கதைத் தொடர்கள்: பாபர், தேவபாலன், ராஜேந்திரன். ஒவ்வொன்றிலும் ஐந்து கட்டம். ராஜேந்திரனின் பயணம் இலங்கை, கங்கைக் கரை என்று போய்க் கடல் தாண்டி ஸ்ரீவிஜயத்துக்கு வந்து சேர்கிறது. கட்டங்களுக்கு இடையே ஓவியங்களோடு கதை சொல்கிறார்கள், அது ஆங்கிலத்தில்தான். ஆட்களைச் சொடுக்கினால் வரும் பதில் தமிழில். முதல் நாள் இரவு, விறகு வெட்டப் போகச் சொல்லி ஒருவனைச் சொடுக்கினேன். அவன் தமிழில் பதில் சொன்னான். இருபது வருடமாக இந்த விளையாட்டை ஆடுபவன் நான். வேறு வேலை எதுவும் சொல்லாமல் அவனை நாலைந்து தடவை சும்மா சொடுக்கிக்கொண்டே இருந்தேன். வாசகியின் மகன் சொன்னது ஏமாற்று அல்ல.

ஆனால் வினோதம் கடல் தாண்டிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. என் அக்கா மகன் செனவாங்கில் இருக்கிறான்; அவனும் படிவம் நான்குதான். கப்பல்களை வரிசைப்படுத்தி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

“மாமா, கடாரம்னா கெடாதானே?”

“ஆமாம்.”

“அப்ப நான் இப்ப கெடாவை அடிக்கப் போறேனா? என் கூட்டாளி ஒருத்தன் அலோர் ஸ்டார்காரன்.”

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனாலும் நான் உடனே பதில் சொல்லவில்லை.

சோழப் படை வந்தது 1025-இல். வரலாற்றில் சந்தேகம் இல்லாத செய்தி. தஞ்சாவூர்க் கல்வெட்டு இடங்களின் பெயரை வரிசையாகச் சொல்கிறது. தாய்லாந்துத் தென்பகுதியின் மாதமாலிங்கம், பட்டாணிப் பக்கத்து இலங்காசோகம், ஆச்சேயின் இலாமுரிதேசம், நிக்கோபாரான மாநக்கவாரம், நம் கடாரம். ஸ்ரீவிஜய மன்னன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்தார்கள், அவனுடைய யானைகளையும் பொக்கிஷத்தையும் வாசல் தோரணத்தையும் எடுத்துக்கொண்டார்கள். பின்னர் திரும்பிப் போனார்கள். கெடாவில் உட்கார்ந்து சோழர் பரம்பரை பரம்பரையாக ஆண்டார்கள் என்று மேடையில் சிலர் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. அது ஒரு பெரிய தாக்குதல், குடியேற்றம் அல்ல.

அதைவிடச் சுவையான பகுதி அதற்கு இருபது ஆண்டு முன்னால் இருக்கிறது. அதே ஸ்ரீவிஜய அரச குடும்பம் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் என்ற பௌத்தக் கோயிலைக் கட்டியது. ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தைக் கொடுத்தான். சைவ மன்னன், பௌத்தக் கோயிலுக்கு, கடல் தாண்டிய நண்பனுக்காக. அப்படி இருந்தவர்கள் இருபது ஆண்டில் ஏன் அடித்துக்கொண்டார்கள்? சீனத்தின் சோங் அரசோடு நடந்த வணிகம், அதற்குப் போகும் வழியில் மலாக்கா நீரிணை, அந்த வாசலில் உட்கார்ந்திருந்த ஸ்ரீவிஜயம். சோழத் தூதர்கள் 1015-லும் 1033-லும் சீன அரசவைக்குப் போயிருக்கிறார்கள். படை போனதற்குப் பல ஆண்டு கழித்து, 1088-இல், சுமத்ராவின் பாரூஸ் பக்கம் ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் குழு தமிழில் கல்வெட்டு வைத்திருக்கிறது. வாள் போன இடத்தில் வாளைவிட நீண்ட நாள் இருந்தது தராசு.

விளையாட்டில் இந்தத் தராசு காணோம். வணிக வண்டியும் வணிகக் கப்பலும் இருக்கின்றன, தங்கம் கொண்டுவரும், அவ்வளவே. நண்பன் எப்படிப் பகைவன் ஆனான் என்ற இடத்தை நின்று பார்க்காமல் கடந்துவிடுகிறது கதை. எனக்கு இந்தத் தொகுப்பின் மேல் இருக்கும் பெரிய குறை இதுதான். தேவபாலனின் கதையிலும் இதே அவசரம் தெரிகிறது. பாபர் கதை ஒன்றுதான் நிதானமாகப் போகிறது. அதில் அவர் அடிக்கடி தோற்பதால் இருக்கலாம்.

அக்கா மகனின் கேள்விக்கு வருகிறேன். நம் ஊரில் 1025 என்பது வெறும் ஆண்டு அல்ல. ‘நேற்று வந்தவர்கள்’ என்று யாராவது நம்மைப் பார்த்துச் சொன்னால், நம் கூட்டங்களில் உடனே ஒருவர் எழுந்து ராஜேந்திரனை முன்னால் நிறுத்துவார். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே வந்தோம், தெரியுமா என்பார். புஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகளைக் காட்டுவார். அவற்றில் ஒன்றை, 11-ஆம் எண் இடத்தை, 2013-இல் வீடமைப்புக்காக இடித்துத் தள்ளியபோது நம் வீடுகளில் எவ்வளவு கொதிப்பு இருந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் கொதிப்பு நியாயமானது. ஆனால் ஒரு பதினாறு வயதுப் பையன், அலோர் ஸ்டார் நண்பன் பக்கத்தில் இருக்க, ராஜேந்திரனை வைத்துத் தன் குடியுரிமையை நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த மன்னன் அடித்ததற்காக அவன் வெட்கப்படவும் வேண்டியதில்லை.

நான் அவனிடம் சொன்னது இது: நம் தாத்தாவின் அப்பாவும் நாகப்பட்டினத்தில்தான் கப்பல் ஏறினார். ஆனால் கடாரத்தைக் கொள்ள அல்ல. கங்காணி கொடுத்த முன்பணத்துக்காக. பினாங்கில் இறங்கி, நெகிரி செம்பிலான் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டினார். இந்த மாநிலத்துத் தமிழர்களில் பெரும்பாலோருடைய கதை இதுதான். சுவா பெத்தோங், பிராட்வால், கிர்பி, ஜெராம் பாடாங், கெடெஸ் என்று தோட்டப் பெயர்களைச் சொன்னால் அவை பாதி இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாக மட்டும் காதில் விழுகின்றன. ரெம்பாவிலும் கோலாப்பிலாவிலும் இருக்கும் நம் மலாய் நண்பர்களின் முன்னோர் சுமத்ராவின் மினாங்கபாவிலிருந்து வந்தவர்கள். அந்தச் சுமத்ராதான் ஸ்ரீவிஜயத்தின் வீடு. எல்லாரும் ஏதோ ஒரு கப்பலில் வந்தவர்கள்தாம். பையனுக்கு அது புரிந்தது.

அப்போதுதான் இந்த விளையாட்டில் நான் இத்தனை வருடம் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. திரையில் நம் ஆள் ராஜேந்திரன் அல்ல. விறகு வெட்டப் போகும் அந்தக் கிராமத்து ஆள்தான். 50 உணவு கொடுத்தால் ஓர் ஆள் வருவான், அல்லது வருவாள். ஆணா பெண்ணா என்று விளையாட்டு பார்ப்பதில்லை. விலையும் ஒன்று, வேலையும் ஒன்று. மலாயாத் தோட்டங்களில் 1920-களின் கடைசியில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 50 சென், பெண்ணுக்கு 40 சென். வெட்டிய மரம் என்னவோ ஒரே மரம். மணி ஒன்று இருக்கிறது. அடித்தால் எல்லாரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து மண்டபத்துக்குள் அடைவார்கள். விடியற்காலைப் பெரட்டு மணி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் வேறு மாதிரி கேட்கும். சும்மா நிற்கும் ஆளைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு பொத்தான் இருக்கிறது. பெரிய கிராணி கூட இவ்வளவு சுறுசுறுப்பாகத் தேடியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வழக்கமான ஆட்டத்தில் மொத்தம் 200 பேருக்கு மேல் ஒரு நாட்டில் இடம் கிடையாது. ஆட்டம் முற்றும்போது கெட்டிக்கார ஆட்டக்காரர்கள், படைவீரருக்கு இடம் வேண்டும் என்று தங்கள் கிராமத்து ஆட்களையே அழிப்புப் பொத்தானை அழுத்திச் சாய்த்துவிடுவார்கள். நூறு மரம் வெட்டிக் கொடுத்தவன் அந்த இடத்திலேயே விழுவான். விளையாட்டு விதிப்படி தப்பில்லை. அக்கா மகன் அப்படிச் செய்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா, “ஏம்பா, அது உன் ஆளுதானே?” என்று கேட்டார். அவர் தோட்டத் துண்டாடல் காலத்தைப் பார்த்தவர். துரைகள் தோட்டத்தை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் அதைக் கூறு போட, லயத்தை விட்டுப் போ என்று சொல்லப்பட்ட குடும்பங்கள் எத்தனையோ. அந்த நேரத்தில்தான், 1960-இல், துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் 10 வெள்ளி 10 வெள்ளியாகக் கட்டினார்கள். அந்தக் காசில் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் எது தெரியுமா? 1961-இல், புக்கிட் சிடிம். அது இருப்பது கெடாவில். இதைச் சொன்னதும் அக்கா மகன் ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு, “இத யாரும் கேமா செய்யலியா?” என்று கேட்டான். எனக்குத் தெரிந்து இல்லை. விக்ரம் நடித்து 2019-இல் ‘கடாரம் கொண்டான்’ என்று ஒரு படம் வந்தது; அது கோலாலம்பூரில் துப்பாக்கிச் சண்டை.

இத்தனையும் சொன்ன பிறகு, வாங்கலாமா வேண்டாமா?

வாங்கலாம், மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொண்டு. முதலாவது காசு. இது தனியாக ஓடாது. அடிப்படை விளையாட்டு கையில் இருக்க வேண்டும். அமெரிக்க விலை வெளியானபோது 9.99 டாலர். ஆண்டுக்குச் சில முறை தள்ளுபடி போடுவார்கள். அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள். ராஜேந்திரன் ஆயிரம் ஆண்டு காத்திருந்தவர், இன்னும் இரண்டு மாதம் காத்திருக்கமாட்டாரா? அதோடு, தொகுப்பை வாங்காதவர்களும் இணையத்தில் மோதும்போது எதிர்த் தரப்பில் திராவிடரைச் சந்திக்க முடியும். வாங்கினால்தான் தானே எடுத்து ஆடலாம். ஆகவே, நண்பன் எவனாவது வைத்திருந்தால் அவன் வீட்டில் ஒரு மாலை ஆடிப் பார்த்துவிட்டு வரட்டும்.

இரண்டாவது நேரம். ஒரு கதைக் கட்டத்தைப் பழகாத பையன் முடிக்க ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். நடுவில் சேமித்து வைத்துவிட்டு எழுந்துகொள்ளலாம். ‘இப்ப நிறுத்தினா எல்லாம் போய்டும்மா’ என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். கதைக் கட்டங்களில் எதுவும் போகாது. இணைய மோதலில்தான் நடுவில் எழ முடியாது. அதைப் பள்ளி விடுமுறைக்கு ஒதுக்கிவிடலாம். அங்கே வரும் உரையாடல் பெட்டியில் எல்லா நாட்டுக் கெட்ட வார்த்தையும் வரும் என்பதும் ஒரு காரணம். கதைத் தொடரைத் தனியாக ஆடும்போது அந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது எனக்கு முக்கியமாகப் படுவது: ராஜேந்திரனோடு நிறுத்திவிட வேண்டாம். மறுபதிப்பை வாங்கியவர்களுக்கு மலாய் இனம் அடிப்படை விளையாட்டிலேயே இருக்கிறது. 2016-இல் ‘ரைஸ் ஆஃப் தி ராஜாஸ்’ என்ற பெயரில் வந்ததை உள்ளேயே சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். யானை அவர்களுக்கு மலிவு. கராம்பிட் கத்தி வீரன் ஒருவன் இருக்கிறான். அவனை மக்கள்தொகையில் அரை ஆளாகத்தான் கணக்கிடுகிறார்கள். தோட்டத்தில் அரைப்பேர் போடுவது போல. ஆனால் நம் அரைப்பேருக்கு அரைச் சம்பளம்தான் விழுந்தது. இந்த அரை ஆள்கள் கூட்டமாக வந்தால் என் உருமிப் படையை விரட்டி விரட்டி வெட்டுகிறார்கள். மஜபாகித்தின் காஜா மாடா கதைத் தொடரும் கூடவே இருக்கிறது. படிவம் இரண்டு வரலாற்றுப் பாடத்தில் மனப்பாடம் செய்த ஸ்ரீவிஜயம், மஜபாகித் எல்லாம் பிள்ளைக்கு இங்கே வரைபடத்தோடு வரும். அக்கா மகனும் அந்த அலோர் ஸ்டார் நண்பனும் இப்போது ஞாயிறு பிற்பகல்களில் இடம் மாற்றி ஆடுகிறார்கள். நண்பன் சோழன், இவன் ஸ்ரீவிஜயம். போன வாரம் இவன் துறைமுகத்தைக் காப்பாற்றிவிட்டான்.

புதிதாகத் தொடங்கும் பிள்ளை நேரே ராஜேந்திரனுக்குப் போகக் கூடாது. முதல் கட்டத்திலேயே நொந்துபோவான். வில்லியம் வாலஸ் என்று ஸ்காட்லாந்துக் கதை ஒன்று பயிற்சிக்காகவே இருக்கிறது, அதிலிருந்து தொடங்கட்டும். சிரம அளவைக் குறைந்த படியில் வையுங்கள். தலைகுனிவு ஒன்றும் இல்லை, நானும் மாதமாலிங்கம் பக்கம் போவதற்குள் ஒரு படி இறக்கினேன். மொழிப் பட்டியலைத் திறந்தால் இந்தி இருக்கிறது, மலாய் இருக்கிறது, தமிழ் இல்லை. ஆட்கள் தமிழ் பேசுவார்கள், அறிவிப்புகள் தமிழில் வராது. மலாயை வையுங்கள். எஸ்.பி.எம். கட்டுரைக்கு நாலு சொல்லாவது கூடும்.